ரெடிமேடா, அசெம்பிளா? முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கும் முன்

நான் முதன்முதலாக வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கருகிய வாடையோடு நின்றுபோனது. ஆன்லைனில் 62,000 ரூபாய்க்கு ரெடிமேடாக வாங்கியது. விற்றவர்களுக்குப் போன் போட்டால், முழு சிஸ்டத்தையும் டெல்லிக்கு கூரியர் பண்ணுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கூரியருக்கு மட்டும் 2,800 ரூபாய். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) புதிதாக இருந்தது, பக்கவாட்டுக் கண்ணாடி சுக்குநூறாக இருந்தது.

2025 ஜூலையில் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். அதிலும் அடி வாங்கினேன், ஆனால் சின்ன அடி. இரண்டு பக்கமும் பட்டவன் என்பதால் எழுதுகிறேன். எது மலிவு, எது வேகம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் முடிவே வராது. ஒரு பாகம் செத்துப்போனால் அதைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது? இதற்கு உங்கள் வீட்டில் என்ன பதிலோ, அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய வழி.

1. வழி இரண்டல்ல, நான்கு

முதல் வழி, பெரிய கம்பெனிகளின் பிராண்டட் டெஸ்க்டாப். பெரும்பாலும் ஒரு வருட ஆன்சைட் வாரண்டி இருக்கும், அதாவது டெக்னீஷியன் வீட்டுக்கே வருவார். கூடுதல் பணம் கட்டினால் வருடத்தை நீட்டிக்கொள்ளலாம். விண்டோஸும் உள்ளேயே வரும். குறை என்னவென்றால், சில மாடல்களில் மதர்போர்டும் (மற்ற பாகங்களைச் சொருகும் பலகை) எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனியின் சொந்த அளவில் இருக்கும். மூன்று வருடம் கழித்துப் பெரிய கிராபிக்ஸ் கார்டு (கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் பாகம்) போடலாம் என்று பார்த்தால், எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான ஒயர் இருக்காது, கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ் அந்தப் பெட்டிக்குள் நுழையாது.

இரண்டாவது, ஆன்லைன் விற்பனையாளர்கள் தாங்களே அசெம்பிள் செய்து 'கேமிங் பிசி' என்று விற்பவை. நான் மாட்டிக்கொண்டது இதில்தான். இதிலும் நல்லவர்கள் உண்டு. கண்டுபிடிப்பது எப்படி என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

மூன்றாவது, பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுத்து, கடைக்காரரிடம் அசெம்பிள் செய்யச் சொல்வது. நம் ஊரில் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். எல்லாம் ஒரே கடையில் வாங்கினால் அசெம்பிள் கூலி பெரும்பாலும் கிடையாது. இல்லாவிட்டால் ஐந்நூறில் இருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை கேட்பார்கள்.

நான்காவது, பாகங்களை வாங்கி வந்து வீட்டில் நீங்களே மாட்டுவது.

வேலைக்கும் அதே சிஸ்டம்தான், நீங்கள் பெரிய ஊரில் இல்லை, கழற்றிப் பார்க்க ஆசையும் இல்லை என்றால் முதல் வழி. சற்றுக் கூடுதல் விலை கொடுக்கிறோமே என்று வருத்தப்பட வேண்டாம், அந்தப் பணம் உங்கள் அலைச்சலுக்கான கூலி. சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் அல்லது பக்கத்தில் இருந்தால் மூன்றாவது வழிதான் என் சிபாரிசு. நான்காவதை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யாதீர்கள், ஏனென்றால் மூன்றாவதோடு ஒப்பிட்டால் பணம் ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் கை அரித்தால் செய்யுங்கள்.

2. மானிட்டரில் இருந்து கணக்கைத் தொடங்குங்கள்

எல்லோரும் கிராபிக்ஸ் கார்டில் தொடங்குவார்கள். நீங்கள் எந்தத் திரையில் ஆடப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் கார்டு. 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டர் என்றால் ஆர்டிஎக்ஸ் 5060 அளவிலான கார்டு போதும். 1440பி (அதைவிட நுணுக்கமான திரை) என்றால் 16 ஜிபி நினைவகம் உள்ள கார்டாகப் பாருங்கள், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி மாதிரி.

பட்ஜெட் என்று ஒரு தொகையை எழுதும்போதே மானிட்டர், கீபோர்டு, மௌஸ், ஹெட்செட், யுபிஎஸ், விண்டோஸ் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். 'சிபியு (அதாவது பெட்டி) மட்டும் எண்பதாயிரம்' என்று தொடங்கியவர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் வந்து நிற்பது இப்படித்தான். என் அண்ணன் மகன் வாலரண்ட் என்ற லேசான கேம் மட்டும்தான் ஆடுவான். அவனுக்கு எண்பதாயிரமே அதிகம்.

3. கொட்டேஷன் எடுப்பது

பாகங்களின் பட்டியலை, மாடல் எண் வரைக்கும், ஒரு தாளில் எழுதுங்கள். 'ஆர்டிஎக்ஸ் 5060' என்று எழுதினால் போதாது, எந்தக் கம்பெனி, எத்தனை ஃபேன் என்றும் எழுத வேண்டும். 'எஸ்எம்பிஎஸ் 650 வாட்' என்று மட்டும் எழுதுவது, கண்டதை மாட்டக் கடைக்காரருக்கு நீங்களே லைசென்ஸ் கொடுப்பது. அதே தாளை மூன்று கடையில் நீட்டுங்கள். கூடவே இரண்டு ஆன்லைன் கடைகளின் விலையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 2025-இல் எனக்கு ஆன செலவு, முழு எண்ணாக: ரைசன் 5 7600 பிராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை) 17,500. பி650 மதர்போர்டு, வைஃபையோடு, 12,500. டிடிஆர்5 ரேம் 16 ஜிபி இரண்டு, 8,500. ஒரு டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கேம்களைச் சேமிக்கும் பாகம்) 5,800. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 30,000. எஸ்எம்பிஎஸ் 5,700. கேபினெட் 4,500. மொத்தம் 84,500, ஜிஎஸ்டி உள்பட.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதால், 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மைக்ரான் கம்பெனி தன் 'குருஷியல்' நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் 'அசெம்பிள் என்றால் எப்போதும் மலிவு' என்ற பழைய பாடம் இப்போது செல்லாது. பழைய ரேம் ஸ்டாக்கோடு வந்த பிராண்டட் சிஸ்டம், அதே பாகங்களைத் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாகக் கிடைக்கும் வாரங்களும் உண்டு. வாங்கும் வாரத்தில் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது அசெம்பிள் பக்கத்தில் விண்டோஸ் விலையைச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஒரு கேள்வி கட்டாயம்: 'இந்த விலை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?' கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீதம். 82,000 என்று சொன்னது பில் போடும்போது 96,760 ஆகும். முதல் கடையில் என்னைக் கவர்ந்த விலையின் ரகசியம் இதுதான்.

இஎம்ஐ எடுப்பவர்கள் கவனிக்க: 'நோ காஸ்ட்' என்று போட்டிருந்தாலும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை பாங்க் பிடிக்கும், பிராசஸிங் கட்டணமும் தனியாக வரலாம். கடையில் கார்டு தேய்த்தால் இரண்டு சதவீதம் கூடக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

4. ரெடிமேட் விளம்பரத்தைப் படிக்கும் முறை

இருபதாயிரம் ரூபாய்க்கு 'கோர் ஐ7, 16 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு, கேமிங் பிசி' என்று கலர் விளக்கெல்லாம் எரிய ஒரு படம் பார்த்திருப்பீர்கள். பொய்யில்லை, உள்ளே ஐ7 இருக்கும். ஆனால் பத்து வருடத்துக்கு மேல் பழைய இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ7. எந்தத் தலைமுறை என்று எழுதாத விளம்பரத்தை மூடிவிடுங்கள். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

அடுத்தது, பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்று இரண்டு கார்டுகள் உண்டு. 8 ஜிபி கார்டு வேறு, பின்னால் வந்த 6 ஜிபி கார்டு வேறு. குறைவது நினைவகம் மட்டுமல்ல, சில்லின் கோர்களும் குறைவு, வேகமும் குறைவு. 5060 டிஐ-யிலும் 8, 16 என்று இரண்டு உண்டு. விளம்பரத்தில் ஜிபி போடவில்லை என்றால் சின்னதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரேம். '16 ஜிபி' என்பது ஒற்றை ஸ்டிக்கா, எட்டு எட்டாக இரண்டா? இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் படிக்கும். ஒற்றை ஸ்டிக்கில் சில கேம்கள் நன்றாகவே தடுமாறும். என் பழைய சிஸ்டத்தில் ஐந்தாம் மாதம் திறந்து பார்த்தபோதுதான் ஒற்றை ஸ்டிக் என்று தெரிந்தது.

நான்காவது, எஸ்எம்பிஎஸ். விளம்பரத்தில் கம்பெனி பெயர் இல்லாமல் '500 வாட்' என்று மட்டும் இருந்தால், லாபம் பார்த்த இடம் அதுதான். விற்பனையாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, எஸ்எஸ்டி மூன்றின் கம்பெனியும் மாடலும் என்ன, ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி வாரண்டி தனியாக உண்டா? நேராகப் பதில் வந்தால் நம்பிக்கையான ஆள். 'ஹை குவாலிட்டி சார், டென்ஷன் வேண்டாம்' என்று வந்தால் டென்ஷனைத் தொடங்கிக்கொள்ளுங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் உள்ள சிஸ்டம் என்றால் இன்னொன்று. அவற்றில் அதிக வோல்ட்டேஜால் பிராசஸரே மெல்லக் கெட்டுப்போகும் கோளாறு இருந்தது. 2024-இல் இன்டெல் அதற்கான திருத்தங்களை வெளியிட்டு, பாதிப்புக்குள்ளாகக்கூடிய, தனிப் பெட்டியில் விற்ற பிராசஸர்களுக்கு வாரண்டியை மூன்றில் இருந்து ஐந்து வருடமாக நீட்டியது. வாங்கிய கையோடு பயாஸை (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க சாஃப்ட்வேர்) அப்டேட் செய்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் அவற்றைத் தொடவே வேண்டாம் என்பேன்.

5. பில்

வேறெதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் படியுங்கள்.

அசெம்பிள் சிஸ்டத்துக்கு ஒரே வாரண்டி என்று ஒன்று கிடையாது. ஏழு பாகம், ஏழு கம்பெனி, ஏழு காலக்கெடு. பெட்டியில் வரும் பிராசஸருக்கு மூன்று வருடம், கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று, எஸ்எஸ்டிக்கு மூன்று அல்லது ஐந்து, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்தில் இருந்து பத்து. சில கம்பெனிகள் வாங்கிய சில வாரங்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால் கூடுதல் வருடம் தருவார்கள், எனவே அன்றிரவே பதிவு செய்யுங்கள். பெட்டி இல்லாமல் வரும் 'ட்ரே' பிராசஸர் ஓரிரண்டாயிரம் குறைவாக இருக்கும். அதற்குக் கம்பெனி நேரடியாகப் பொறுப்பேற்காது, விற்ற கடைதான் கதி. கடை அதே இடத்தில் மூன்று வருடம் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால் வாங்கலாம்.

இந்த வாரண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி ஜிஎஸ்டி பில். அதில் கடையின் ஜிஎஸ்டி எண், தேதி, உங்கள் பெயர், ஒவ்வொரு பாகத்தின் மாடல், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். 'கம்ப்யூட்டர் செட் – 1' என்று ஒரே வரியில் போட்ட பில் சர்வீஸ் சென்டரில் செல்லாக்காசு.

கடையில் கேட்பார்கள்: "தம்பி, பில் வேணுமா, இல்ல அப்படியே போட்டுரலாமா? ஒரு ஆறாயிரம் குறையும்." வேணும் அண்ணா என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். சில சமயம் அந்த ஆறாயிரம் குறையும் பொருள் வெளிநாட்டில் இருந்து வந்ததாக இருக்கும், அதற்கு இந்தியாவில் வாரண்டி இருக்காது. பெட்டியில் இந்திய இறக்குமதியாளரின் பெயரும் எம்ஆர்பியும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பில் வாங்கியும் நான் மாட்டிக்கொண்டேன். நவம்பரில் கார்டின் ஒரு ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பில்லும் கார்டுமாக சர்வீஸ் கவுன்டருக்குப் போனேன். அங்கே இருந்தவர் கார்டைக் கவிழ்த்து, ஸ்டிக்கரில் இருந்த நீண்ட எண்ணை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே பில்லோடு ஒப்பிட்டார். பதினோராவது எழுத்தில் விரல் நின்றது. கார்டில் 'B' என்ற ஆங்கில எழுத்து, பில்லில் 8. கடையில் தட்டச்சு செய்த பையன் மாற்றி அடித்திருக்கிறான். "கரெக்ட் பண்ணி வாங்கிட்டு வாங்க சார்" என்று இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். கடைக்காரர் நல்லவர், பில்லைத் திருத்திக் கொடுத்தார். ஆனால் ஒரு நாள் லீவும் ஆட்டோ காசும் என்னுடையது. பதினேழு நாளில் கார்டு சரியாகித் திரும்பி வந்தது.

ஆகவே பணம் கட்டும் முன், பில்லில் உள்ள ஒவ்வொரு சீரியல் நம்பரையும் பெட்டியோடு ஒப்பிடுங்கள். பெட்டி மேல் உள்ள எண்ணும் உள்ளே பாகத்தின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். பிறகு பில்லையும் ஸ்டிக்கர்களையும் படம் எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வெப்பத்தில் எழுத்து மறையும் மெஷின் பில்லாக இருந்தால் ஜெராக்ஸ் கட்டாயம்.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது பில்தான்.

6. கடைக்குப் போகும் நாள்

ரிச்சி தெரு என்றால் மெட்ரோவில் போங்கள், அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். கார் எடுத்துப்போனால் பார்க்கிங் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். வார நாளில் காலை பதினொன்றரைக்கு அங்கே இருந்தால், கடையிலேயே அசெம்பிள் செய்தாலும் சாயங்காலம் வீடு திரும்பலாம்.

'நீங்க கேட்ட எஸ்எம்பிஎஸ் மட்டும் ஸ்டாக் இல்லை தம்பி, இதுவும் அதே மாதிரிதான்' என்ற வசனம் எப்படியும் வரும். அதே மாதிரி என்று சொல்லப்படும் பொருள் எப்போதும் உங்கள் பட்டியலில் இருந்ததைவிட மட்டமாகவே இருக்கும் என்பது ஆச்சரியம். அந்த ஒரு பாகத்தைப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை இலவசமாகவே விட்டுவிடுங்கள்.

கேபினெட் தேர்வில் அழகுக்கு மயங்கினேன் என்று பிறகு சொல்லாதீர்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி உள்ளது மே மாதத்துச் சென்னையில் அடுப்பு. முன்பக்கம் வலையாக உள்ளதை எடுங்கள், தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருக்கட்டும்.

கடையில் அசெம்பிள் செய்தால் அங்கேயே நில்லுங்கள். பெட்டிகளை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஆன் செய்து, பயாஸ் திரையில் பிராசஸர் பெயர், ரேம் அளவு, எஸ்எஸ்டி மூன்றும் தெரிகிறதா என்று பார்த்த பிறகு நகருங்கள். காலிப் பெட்டிகளை எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூருக்குப் பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துத் தரச் சொல்லுங்கள். மாட்டியபடியே கொண்டுபோனால் குலுக்கலில் மதர்போர்டின் ஸ்லாட் உடையலாம்.

ஆன்லைனில் பாகம் வாங்குபவர்களுக்கு ஒரே வரி: டேப்பைக் கிழிக்கும் முன்பே வீடியோவை ஆன் செய்யுங்கள், சீரியல் நம்பர் தெரியும் வரை நிறுத்தாதீர்கள்.

7. நீங்களே மாட்டுவதானால்

ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்காதீர்கள். காந்த முனை உள்ள ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். கையால் அடிக்கடி கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

மாட்டும் முறைக்கு நல்ல வீடியோக்கள் ஏராளம், அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. எல்லோரும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். இப்போதைய மதர்போர்டுகளில் பிராசஸர் உட்காரும் இடத்தில் மயிரிழை மாதிரிப் பின்கள் இருக்கும். அதில் விரலோ ஸ்க்ரூவோ பட்டு ஒரு பின் வளைந்தாலும் வாரண்டி போச்சு. பிராசஸரின் மேல் உட்காரும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தவர்கள் பட்டியல் பெரியது. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ரேம் இரண்டு ஸ்டிக் என்றால் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். பிராசஸருக்கான எட்டு பின் ஒயர் தனி, மதர்போர்டின் மேல் மூலையில் போகும். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. பெயர் 'எஃப்' என்று முடியும் பிராசஸர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரை வரவே வராது.

இப்போது என் கதை. எல்லாம் மாட்டி, ராத்திரி பன்னிரண்டே காலுக்கு (சொன்னேனே, பத்து மணிக்குத் தொடங்காதீர்கள் என்று) பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. மதர்போர்டில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்தது, பக்கத்தில் 'டிராம்' என்று எழுதியிருந்தது. முப்பது வினாடி, ஒரு நிமிடம். பயந்து அணைத்தேன். மறுபடி ஆன், மறுபடி கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன், ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தேன். விடியும் வரை இதே வேலை. காலையில் மொத்தத்தையும் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிளக்கைச் சொருகி ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது திரையில் படம் இருந்தது.

டிடிஆர்5 ரேம் முதல் தடவை ஆன் ஆகும்போது மதர்போர்டு அதைச் சோதித்துப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் ஆகும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் நடுவில் அணைத்து, அதை முதலில் இருந்து தொடங்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். நீங்களும் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

திரை வந்ததும் பயாஸுக்குள் போய் 'எக்ஸ்போ' (இன்டெல் என்றால் 'எக்ஸ்எம்பி') ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் '6000 வேகம்' என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அங்கேயே டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் ஆன் செய்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் வாலரண்ட் இவை இல்லாமல் திறக்காது.

8. விண்டோஸ்

அசலான விண்டோஸ் 11 ஹோம் பெட்டி விலை பத்தாயிரத்தைத் தாண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் கீ சில மாதம் ஓடலாம், ஒரு நாள் செத்தும் போகலாம். ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் அடுத்த சிஸ்டத்துக்கு எடுத்துப்போகலாம். ஓஇஎம் (ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் என்று விற்கும்) லைசென்ஸ் என்றால் அந்த மதர்போர்டோடு அதன் கதை முடிந்தது.

இன்ஸ்டால் செய்யும்போது நடுவில் இணையம் கேட்டு நிற்கும். புது மதர்போர்டின் வைஃபைக்கான டிரைவர் (அதை இயக்கும் சாஃப்ட்வேர்) விண்டோஸில் பல நேரம் இருக்காது. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்தால் வேலை முடிந்தது.

உள்ளே போனதும் டிஸ்ப்ளே செட்டிங்கில் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸில் (வினாடிக்கு எத்தனை தடவை படம் மாறுகிறது) ஓடுகிறது என்று பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி ஒரு வருடம் 60-இல் ஆடிய நண்பர் எனக்கு உண்டு.

9. மின்சாரம்

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? சிஸ்டத்தில் கோளாறு இல்லை, பெரும்பாலும் வீட்டில் எர்த் சரியில்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத பாயின்டில் ஒரு லட்சம் ரூபாய்ப் பொருளை மாட்டாதீர்கள். பெரிய எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பெரிய பின் வரும். உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் அந்தப் பாயின்ட் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள், கன்வெர்ட்டர் பின் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

யுபிஎஸ்ஸில் விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், வாட்தான் கணக்கு. 600 விஏ என்பது சாதாரணமாக 360 வாட். என் சிஸ்டம் கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து முந்நூறைத் தாண்டும், அதனால் 1,100 விஏ வாங்கினேன். கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைத்தால் போதும், அதில் மேட்ச்சை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

10. முதல் பத்து நாள்

பல ஆன்லைன் கடைகளில் மாற்றித் தரும் காலம் ஏழு அல்லது பத்து நாள்தான். ரெடிமேடோ அசெம்பிளோ, அந்த நாட்களுக்குள் சிஸ்டத்தை நன்றாக வேலை வாங்குங்கள். உங்களிடம் உள்ளதிலேயே கனமான கேமை இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் பென்டிரைவ் போட்டுப் பாருங்கள். வைஃபை, ப்ளூடூத், முன்பக்க ஹெட்செட் ஓட்டை எல்லாவற்றையும் சோதியுங்கள். மானிட்டரில் முழு வெள்ளை, முழு கறுப்புப் படம் வைத்துச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அணைவது, ரீஸ்டார்ட் ஆவது, நீலத்திரை, எது வந்தாலும் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று விடாமல் அன்றே படம் எடுத்து மெயில் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசி முடிக்காதீர்கள், எழுத்தில் தேதி இருக்கட்டும்.

காலிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றும்போது 'மூன்று வருடம் தொடாதீர்கள்' என்று மார்க்கரில் எழுதி ஏற்றுங்கள். நவம்பரில் கார்டை சர்வீஸுக்கு அனுப்பப் பெட்டியைத் தேடினேன். ஃபோம் எல்லாம் அப்படியே இருந்தது, கார்டு இருந்த குழியில் அம்மாவின் தசாவதார செட் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கொலு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, எடுத்துத் தர மாட்டேன் என்றுவிட்டார். கார்டு பழைய துண்டில் சுற்றிக்கொண்டு போனது.